அம்மாவின் பெயரில் விட்டுப்போன ஒரு சொல்: குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்த 11 மாதம்

அப்பா 2024 பிப்ரவரி 9 அன்று இறந்தார். அம்மாவின் கணக்கில் முதல் குடும்ப ஓய்வூதியம் விழுந்தது 2025 ஜனவரி கடைசியில். நடுவில் 11 மாதம் போனதற்குக் காரணம் ஒரே ஒரு சொல். ஆதாரில் அம்மாவின் பெயரோடு "அம்மாள்" என்று ஒட்டியிருக்கிறது. அப்பா 1994இல் பட்டாளத்தில் ஹவில்தாராக ஓய்வுபெற்றபோது வந்த ஓய்வூதிய ஆணையில், அதாவது பி.பி.ஓ.வில், அது இல்லை. பிறந்த தேதியும் இரண்டிலும் வேறு வேறு. அப்பா உயிரோடு இருந்த 30 வருஷமும் அந்தக் காகிதம் பெட்டியில் பத்திரமாக இருந்தது, யாரும் எடுத்துப் படித்ததில்லை. வேலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போனவர்கள். அந்த வீடுகளில் எத்தனை பெட்டிக்குள் இதே பிழை கிடக்கிறதோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு காரியம் முடிந்த கையோடு நடந்துவிட்டது. பாதுகாப்புப் படை ஓய்வூதியம் பெரும்பாலும் மாதக் கடைசி வேலை நாளில் கணக்கில் ஏறும். பிப்ரவரிக் கடைசியிலும் ஏறியது, மார்ச்சிலும் ஏறியது, ஏப்ரலிலும் ஏறியது. அப்பா அம்மா இருவர் பேரிலும் இருந்த கணக்கு என்பதால், அது அம்மாவுக்கு உரியது என்றே நினைத்து ஏ.டி.எம். கார்டில் எடுத்துப் பதினாறாம் நாள் செலவுக்கும் கடனுக்கும் கொடுத்துவிட்டோம். ஓய்வூதியம் இறந்த நாள் வரைதான் சேரும். மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம், அதுவும் குறைந்த விகிதத்தில். மே மாதம் நான் இறப்பைத் தெரிவித்ததும் பணம் நின்றது. கூடுதலாக வந்ததையெல்லாம் பின்னால் அம்மாவுக்கு வந்த நிலுவையில் பிடித்துக்கொண்டார்கள். யாரும் எங்களைத் திருடர் என்று சொல்லவில்லை. ஆனாலும் வங்கியில் அந்தக் கணக்கைக் காட்டி விளக்கம் கேட்டபோது அம்மா தலை குனிந்து நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. ஓய்வூதியர் இறந்தால் அந்த வாரமே பாதுகாப்புப் படை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் இறப்பைத் தெரிவியுங்கள். வங்கிக்கும் எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் போட்ட நகலை வாங்கி வையுங்கள். கார்டை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். கைச்செலவுக்கு உறவினரிடம் கடன் வாங்குவது அதைவிட நல்லது.

எவ்வளவு வரும் என்பதிலும் பலர் குழம்புகிறார்கள். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசியாகக் கணக்கில் கொள்ளும் ஊதியத்தில் 30 சதவீதம். ஓய்வுபெற்றவர் 67 வயதுக்கு முன்பே இறந்தால் 50 சதவீதம் என்ற உயர் விகிதம் உண்டு. அது 7 வருஷம், அல்லது அவருக்கு 67 வயது நிறைகிற நாள், இதில் எது முந்துகிறதோ அதுவரை. அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டதால் அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே 30 சதவீதம்தான். குறைந்தபட்சத் தொகை ரூ.9,000, அதன் மேல் அகவிலை நிவாரணம். முழு பென்ஷனும் அப்படியே வரும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

இறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே பி.பி.ஓ. கையில் இருக்க வேண்டும். கிராமத்தில் இறப்பைப் பதிவு செய்பவர் வி.ஏ.ஓ. அவரிடம் வீட்டார் அழுகையோடு வாயால் சொல்கிற பெயர்தான் சான்றிதழில் ஏறும். நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும். பட்டாளத்தில் இனிஷியலைப் பின்னால் தள்ளுவார்கள், சில சமயம் அப்பா பெயரை முழுசாக விரித்தும் எழுதியிருப்பார்கள். பி.பி.ஓ.வில் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லி எழுதச் சொல்லுங்கள், மனைவியின் பெயரையும் சேர்த்து. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை, கேள்வியும் இல்லை. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் ரூ.60 கட்டணம். பெயர் பி.பி.ஓ.வில் சரியாக இருக்கிற மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் பெற வாரிசுச் சான்று அவசியப்படுவதில்லை. ஆனால் இறந்தவருக்கு வரவேண்டிய நிலுவைக்கும், வேறு வங்கிக் கணக்குகளுக்கும், பட்டா மாற்றத்துக்கும் அது கேட்பார்கள். அதனால் இரண்டையும் சேர்த்தே விண்ணப்பித்து வையுங்கள்.

இனி பெரிய தவறு. மே மாதம் டவுனில் ஒரு இணைய மையத்தில் ஸ்பர்ஷ் வேலை எல்லாம் செய்து தருவதாக ஒருவர் சொன்னார். ரூ.7,000 கேட்டார், கொடுத்தேன். இறப்புச் சான்று, பி.பி.ஓ., அம்மாவின் ஆதார், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ எல்லாவற்றையும் ஏற்றி விண்ணப்பம் போட்டார். மூன்றாவது வாரம் பெயரும் பிறந்த தேதியும் பொருந்தவில்லை என்று அது திரும்பி வந்தது. அவர் சொன்ன வழி, ஆதாரைத் திருத்தி பி.பி.ஓ.வில் இருப்பது மாதிரி ஆக்கிவிடலாம் என்பது. எனக்கும் அது சுலபமாகத் தோன்றியது. திருத்தினோம். ஆதார் மாறியதும் பான் கார்டோடு பொருந்தவில்லை, வங்கியில் கே.ஒய்.சி. என்ற வாடிக்கையாளர் விவரம் பொருந்தவில்லை, ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் தனியாக நின்றன. அம்மாவின் கணக்கில் பணம் எடுப்பதையே இரண்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்ற முடியும். பெயரைப் பழையபடி கொண்டுவந்ததில் அம்மாவின் இரண்டு வாய்ப்பும் தீர்ந்தது. பிறந்த தேதியில் கை வைக்காமல் விட்டது எங்கள் நல்ல காலம். ஒரு காகிதம் ஒரு பக்கமும் மற்ற எல்லாக் காகிதமும் இன்னொரு பக்கமும் இருந்தால், திருத்த வேண்டியது அந்த ஒற்றைக் காகிதத்தை. எங்கள் விஷயத்தில் அது பி.பி.ஓ.

அதே மனிதர் செய்த இன்னொரு வேலை பிறகுதான் தெரிந்தது. ஸ்பர்ஷில் கைபேசி எண் கேட்ட இடத்தில் அவருடைய எண்ணைக் கொடுத்திருந்தார். ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போனது. விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவே அவர் கடைக்குப் போய் உட்கார வேண்டியிருந்தது. எண்ணை மாற்றுவதற்குத் தனியாக ஒரு அலைச்சல். யாரை உட்கார வைத்துச் செய்தாலும், எண் அம்மாவுடையதாகவோ வீட்டில் கூட இருக்கும் பிள்ளையுடையதாகவோ இருக்கட்டும். திரையில் அது ஏறுவதைக் கண்ணால் பாருங்கள். ஆயுள் சான்று புதுப்பிக்க வேண்டும் என்று போனில் ஓ.டி.பி. கேட்டால் அது மோசடி. எந்த ஓய்வூதிய அலுவலகமும் போனில் ஓ.டி.பி. கேட்காது.

பி.பி.ஓ.வை யார் திருத்துவார்கள் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஆகஸ்ட் ஆகிவிட்டது. வங்கி பிரயாக்ராஜைக் கை காட்டியது. பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு ஓய்வூதிய அலுவலகம்தான் ஓய்வூதிய ஆணையை வெளியிடுகிறது, உண்மைதான். ஆனால் மனைவி யார், அவர் பெயர் என்ன, எப்போது பிறந்தார் என்ற விவரம் இருப்பது அவர் வேலை பார்த்த படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில், அதாவது ஆவண அலுவலகத்தில். அவர்கள் தங்கள் பதிவேட்டைத் திருத்தி அனுப்பினால்தான் பிரயாக்ராஜில் திருத்த ஆணை வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், எம்.இ.ஜி. என்ற மெட்ராஸ் பொறியாளர் பிரிவுக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் படைக்கு ஜபல்பூர், இ.எம்.இ. என்ற இயந்திரப் பராமரிப்புப் படைக்கு செகந்திராபாத். உங்கள் வீட்டுக்காரர் எதில் இருந்தார் என்பது, பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கத்தில் இருக்கும்.

நான் முதலில் அனுப்பிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. அதில் சர்வீஸ் நம்பர் போடவில்லை. அப்பாவின் பெயரும் ஊரும் மட்டும் எழுதியிருந்தேன். அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு தாளின் மேலும் சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர் மூன்றும் இருக்க வேண்டும், இணைக்கும் நகல் உட்பட. தாள் பிரிந்து போனாலும் அது யாருடையது என்று தெரிய வேண்டும். அடுத்தது, நேராக அனுப்பாமல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புங்கள். எக்ஸ்-சர்வீஸ்மென் ஆபீஸ் என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அங்கிருந்த எழுத்தர் அரை மணி நேரத்தில் அம்மாவின் சார்பில் ஆங்கிலத்தில் கடிதம் தயார் செய்து, நகல்களைச் சரிபார்த்து, முகப்புக் கடிதத்தோடு அனுப்பி வைத்தார். செலவு ஒரு ரூபாய் இல்லை. ஆறு மாதம் முன்பே அங்கு போயிருந்தால் என்று நினைத்து அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

ரெக்கார்ட் ஆபீஸ் எங்களிடம் கேட்டவை இவை: இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று முத்திரைத்தாளில் அம்மாவின் உறுதிமொழி, ஆதார், பான், வங்கிப் புத்தகம், டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் உள்ள பக்கம், அப்பாவின் இறப்புச் சான்று, நல அலுவலகத்தின் சரிபார்ப்பு. இந்தப் பட்டியல் வருவதற்கு முன்பே, யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் பெயர் மாற்ற விளம்பரம் கொடுத்து ரூ.5,200 செலவழித்தேன். எங்கள் பிழை ஒரு பின்னொட்டு மட்டும் என்பதால் அதைக் கேட்கவே இல்லை. முழுப் பெயரே மாறியிருந்தால் விளம்பரம் கேட்கலாம். அவர்கள் எழுத்தில் கேட்ட பிறகு கொடுங்கள். உறுதிமொழியில் இரண்டு பெயரையும் எழுத்துக்கு எழுத்து, இரண்டு பிறந்த தேதியையும், எந்த ஆவணத்தில் எது இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். "சில ஆவணங்களில் வேறுவிதமாக உள்ளது" என்று பொதுவாக எழுதிக் கொண்டுபோன எங்கள் முதல் பத்திரம் திரும்பி வந்தது. அதனால் இன்னொரு மாதம் போனது.

நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவர், தான் அந்த மனிதரின் மனைவிதான் என்று நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அம்மா அன்று பேசவே இல்லை. இந்த வேலைக்குப் போகும்போது அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும்.

நவம்பரில் திருத்தம் முடிந்தது, ஸ்பர்ஷில் மறுபடி விண்ணப்பம் போட்டோம், ஜனவரியில் நிலுவையோடு பணம் வந்தது. முன்பு கூடுதலாக எடுத்ததைப் பிடித்துக்கொண்டது போக மீதி நிலுவை முழுசாக வந்தது. தரகருக்குக் கொடுத்ததும் விளம்பரமும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு இரண்டு முறை போன ரயில், தங்கல் செலவும் சேர்ந்து ரூ.21,000 போனது போனதுதான். வட்டிக்கு வாங்கிய ரூ.60,000 கடனைத் தீர்க்க இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

இதற்கிடையில் மருந்து. அப்பா 1996க்கு முன் ஓய்வுபெற்றவர் என்பதால் இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சேர்வதற்குச் சந்தா கட்ட வேண்டியிருக்கவில்லை. 2003இல் திட்டம் வந்த சில வருஷத்திலேயே சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கும் கார்டு இருந்தது, ஆனால் அப்பாவைச் சார்ந்தவர் என்ற முறையில். அவர் இறந்ததும் அம்மாவை முதன்மை உறுப்பினராக மாற்ற இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதைச் செய்யாததால் அந்தத் திட்டத்தின் மருத்துவமனையான பாலி கிளினிக்கில் ஒருநாள் மருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ரத்த அழுத்த மாத்திரையை மூன்று மாதம் வெளியே வாங்கினோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவசரத்துக்குத் திட்டத்தில் சேராத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலி கிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும், எழுத்தில். பிறகு சொன்னால் பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. பாலி கிளினிக்கின் எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். பாதி ராத்திரியில் பெட்டியைத் தேட முடியாது.

பலர் தேடாமலே விடுவது காப்பீட்டை. ராணுவத்தில் ஓய்வுபெறும்போது குழுக் காப்பீட்டு நிதியில் நீட்டிப்புக் காப்பீட்டுக்கு ஒரே தவணையாகப் பணம் பிடித்து ஒரு சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். அதில் எந்த வயது வரை, எவ்வளவு தொகை என்று இருக்கும். அந்தக் காலத்துக்குள் இறந்திருந்தால் குடும்பம் கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது. அதேபோல் பாதுகாப்புப் படையினருக்கான சிறப்புச் சம்பள, ஓய்வூதியக் கணக்குகளில் விபத்து மரணக் காப்பீடு இருக்கலாம். இறப்பு விபத்தால் என்றால், அது எந்த வகைக் கணக்கு என்று வங்கி மேலாளரிடம் அன்றே கேளுங்கள்; முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் அந்தக் கோரிக்கை நிற்காது.

பென்ஷன் வரத் தொடங்கிய முதல் நவம்பரில் மறுபடி ஒரு தடுமாற்றம். ஆயுள் சான்றைக் கைபேசியில் முகம் காட்டியே கொடுக்கலாம், ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முக அடையாளச் செயலியும் இருந்தால் போதும். ஆனால் ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு எது என்று கேட்கும் இடத்தில் எல்லாரும் வங்கியின் பெயரைத் தேர்வு செய்துவிடுகிறார்கள், பணம் வங்கியில் விழுகிறதே என்று. ஸ்பர்ஷில் இருப்பவர்கள் அங்கே ஸ்பர்ஷ், பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ், அலகாபாத் என்பதைத்தான் (நான் முன்பு சொன்ன பிரயாக்ராஜ் அலுவலகம்தான் இது) தேர்வு செய்ய வேண்டும். ஊர் பெயர் பிரயாக்ராஜ் ஆகிவிட்டாலும் பட்டியலில் அலகாபாத் என்றே தேடுங்கள். தவறாகத் தேர்வு செய்தாலும் "வெற்றி" என்றுதான் திரையில் வரும். அதை நம்பி இருந்துவிட்டால் பென்ஷன் நிற்கும். சான்று கொடுத்து சில நாள் கழித்து ஸ்பர்ஷில் உள்ளே போய், அடுத்த ஆயுள் சான்றுத் தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம்.

பட்டாளத்தில் 15 வருஷம் முடிக்காமல் வந்து பென்ஷனே இல்லாதவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களின் விதவைகளும். இவர்களைத்தான் அக்கம்பக்கம் கவனிப்பதில்லை. 65 வயது தாண்டிய, ஹவில்தார் அல்லது அதற்குக் கீழ்ப்பட்ட, பென்ஷன் இல்லாதவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மத்திய அரசின் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு வறுமை உதவி தருகிறது, மாதம் ரூ.4,000 ஆக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு ரூ.8,000. விண்ணப்பம் மாவட்ட நல அலுவலகம் வழியாகத்தான் போகும். அந்தப் பாட்டிகளிடம் கைபேசி இருக்காது, டிஸ்சார்ஜ் புக் கிழிந்திருக்கும். கூட்டிக்கொண்டு போகிற ஒரு ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். பிள்ளைகள் கல்லூரியில் தொழிற்கல்வி படித்தால் பிரதமர் கல்வி உதவித்தொகை இருக்கிறது, பெண்ணுக்கு மாதம் ரூ.3,000, பையனுக்கு ரூ.2,500, முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், இரண்டாம் ஆண்டில் போனால் எடுக்க மாட்டார்கள்.

வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பெற வழி உண்டு. அதற்கான மருத்துவச் சான்றையும் பதிவையும் பெற்றோர் இருவரில் ஒருவராவது இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இருவரும் போன பிறகு அந்தப் பிள்ளைக்காக ரெக்கார்ட் ஆபீஸோடு கடிதம் பேச யார் இருப்பார்கள்? இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்தத் திருத்தம் அவருடைய ஒரு விண்ணப்பத்தில், அவர் கையெழுத்தில் முடிந்திருக்கும். இப்போது எங்கள் தெருவில் ஓய்வுபெற்றவர்கள் வீட்டுக்குப் போனால் நான் கேட்பது நான்கு காகிதம்: பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புக், மனைவியின் ஆதார், வங்கிப் புத்தகம். நான்கையும் பாயில் வரிசையாக வைத்து, மனைவியின் பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கச் சொல்கிறேன், பிறகு பிறந்த தேதியை. இதுவரை பார்த்த 14 வீட்டில் 6 வீட்டில் பொருந்தவில்லை. அதில் 4 பேர் நல அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டு வீட்டுக்கு வருகிற திங்கட்கிழமை நான் கூடப் போகிறேன்.